ஏழரை அங்குல வேகம்

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தபோது, ஒரு நாள் காலை வானொலிக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். தோளில் தோல் உறை போட்ட ஸ்பூல் டேப் ரிக்கார்டர். பேட்டரியில் ஓடும் அந்த மாதிரி மெஷினை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். எனக்குக் கை குறுகுறுத்தது.

கீழப்பழுவூரில் நடவுப் பாட்டு பதிவு செய்யப் போகிறாராம். கடைசி வயல், உச்சிக்குள் நட்டு முடித்துவிடுவார்கள். சேற்றில் இறங்காமல் அந்தப் பெண்களுக்குப் பாட்டு வராதாம். மெஷினோ எந்த டேப்பைப் போட்டாலும் இழுத்து இழுத்து ஓடி, பெண் குரலை ஆண் குரலாக்கியது. பத்தரைக்குள் முடியுமா என்றார். திறந்துகூடப் பார்க்காமல் முடியும் என்றேன். அவ்வளவு ஆசை.

திறந்தால், டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையில் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஃபேனோ சைக்கிளோ, தூசி கண்டால் எண்ணெய் விடுவது அரியலூர்க்காரன் வழக்கம். தாராளமாக விட்டேன். எண்ணெய் ரப்பரில் ஏறி, டேப் முன்பைவிட மோசமாக வழுக்கியது. வானொலிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிர்வரிசை கிளினிக்குக்கு ஓடி, கம்பவுண்டரிடம் ஊசி போடும் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து உருளையைத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தேன். இனி வேகம் சரிதானா என்று பார்க்க வேண்டும். விநாடிக்கு ஏழரை அங்குலம் டேப் ஓட வேண்டும், நிமிடத்துக்கு நானூற்றைம்பது. பக்கத்து டெய்லரின் அளவு டேப் அறுபது அங்குலம். அதை வைத்து ஸ்பூல் டேப்பை ஏழரை முறை அளந்து, அந்த நீளத்தின் இரண்டு முனையிலும் கலர் பென்சிலால் கோடு போட்டு ஓடவிட்டோம். இரண்டாவது கோடு வந்தபோது வானொலிக்காரர், "அறுபது செகண்ட் சார்" என்றார். டெய்லர் கைதட்டினார். நான் கடையைப் பூட்டாமலே ஜீப்பில் ஏறிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது நாலைந்து கட்டு நாற்றுதான் மிச்சம். முன்பாட்டுக்காரி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பாடினார்கள். ஸ்பூல் சுற்றுவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாற்றையும் நட்டுவிட்டு வரப்பேறிய முன்பாட்டுக்காரியின் காதில் ஹெட்போனை மாட்டி, பதிவை ஓட்டினோம்.

அவள் முகம் சுருங்கியது. "இது என் கொரலே இல்லீங்க" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. வேகம் மறுபடி மாறிவிட்டதா? இனி நடுவதற்கு நாற்றும் இல்லை. பின்பாட்டுக்காரி ஒருத்தி ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஒன் கொரலேதான்டி. தெனமும் கேக்குறது நாங்கல்ல?" என்றவள் சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஆனா சார், பின்னாடி பாடுறது நான் இல்லீங்களே."

வரப்பே சிரித்தது. நானும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தேன்.