அண்ணன் துப்பாக்கியின் போல்ட்

அண்ணி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சாண் நீள இரும்பு, பக்கவாட்டில் உருண்டை முனை வைத்த கைப்பிடி. துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட். "தம்பி, இது நம்மளுது இல்ல" என்றார்.

அண்ணனுக்குக் காரியம் முடிந்த வாரம் அது. உரிமம் அவர் பெயரில் இருந்ததால், வெள்ளைக்காரன் காலத்து அந்த ரைஃபிளைக் கடலூர் கலெக்டர் ஆபீஸில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அண்ணன் தங்கமான மனிதர், ஆனால் கை வைத்தது எதுவும் விளங்கியதில்லை. சிப்காட் வேலையை விட்டார், இறால் பண்ணை வைத்தார், அதையும் மூடினார். சாவு வீட்டிலேயே சொந்தக்காரர்கள், "ஒண்ணையாவது உருப்படியா வெச்சிருந்தானா?" என்று பேசியது அண்ணி காதில் விழுந்தது. அவர் உருப்படியாக வைத்திருந்தது அந்தத் துப்பாக்கி ஒன்றைத்தான். மாதம் ஒரு ஞாயிறு பேப்பரை விரித்து அவர் பிரித்துப் போட, அண்ணி துடைத்துக் கொடுப்பார். அதனால்தான், அதில் ஒரு குறையும் இல்லாமல் ஒப்படைப்பது என்று அண்ணி பிடிவாதமாக நின்றார்.

2009 தேர்தலுக்கு, உரிமம் உள்ள எல்லோரையும் போல அண்ணனும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்திருந்தார். அது திரும்பி வந்தபோது அவர் படுத்த படுக்கை, யாரும் திறந்து பார்க்கவில்லை. இப்போது அண்ணி போல்ட்டைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊசியையும் ஸ்பிரிங்கையும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் திரும்பக் கோத்தார். (இன்றும் பேரன் பொம்மை கெட்டால் அந்த எண்ணெய் டப்பாவைத்தான் தேடுகிறார்.) போல்ட் உள்ளே போனது, ஆனால் கைப்பிடி முழுதாக இறங்க மறுத்தது. துப்பாக்கியில் ஓர் எண், போல்ட்டில் வேறு எண். விசாரித்தால், ஸ்டேஷனில் போல்ட்டுகளையெல்லாம் கழற்றி ஒரே சாக்கில் போட்டிருக்கிறார்கள். இதே மாதிரித் துப்பாக்கி கொடுத்திருந்த இன்னொருவர் மேல்பட்டாம்பாக்கத்து முந்திரி வியாபாரி.

எனக்கு எரிச்சல். ஒப்படைத்ததும் எப்படியும் உருக்கப்போகிற இரும்பில் எது மாட்டியிருந்தால் என்ன? சொல்லியும் பார்த்தேன். அண்ணி போல்ட்டை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நானும் போனேன், வேறென்ன செய்ய.

வியாபாரி மசியவில்லை. "என்னுது நல்லாத்தான இருக்கு, எதுக்கும்மா மாத்தணும்?"

"கடைசியா எப்ப சார் தெறந்தீங்க?"

திறக்கப் பார்த்தார். துருவேறி அசையவில்லை. "சுட்டீங்கன்னா உங்க மூஞ்சிக்குத்தான் வரும்" என்றார் அண்ணி, சாதாரணமாக. வியாபாரி துப்பாக்கியை நீட்டிவிட்டார். மத்தியானம் முழுக்க அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் விட்டு, மரக்கட்டையால் தட்டித் தட்டி அதை உருவினார். துருவைத் துடைத்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். எங்களுடையதுதான். வியாபாரியின் போல்ட்டை அவர் துப்பாக்கியில் பூட்டிக் கொடுத்த பிறகே கிளம்பினார்.

கடலூரில் அலுவலர் எங்கள் துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. பழைய துப்பாக்கி என்றதும் 'பழுதானது' என்று எழுதப் போனார். அண்ணி குறுக்கே கையை நீட்டினார்.

"ஒரு தடவ பூட்டிப் பாருங்க சார்."

சலிப்போடு எடுத்துப் பூட்டினார். கைப்பிடி முழுதாக இறங்கி உட்கார்ந்தது. தானாகவே இன்னொரு முறை திறந்து மூடினார். "அருமையா வெச்சிருந்திருக்காரேம்மா உங்க வீட்டுக்காரரு!"

"அதையே எழுதுங்க சார்" என்றார் அண்ணி.