பச்சை கழன்ற இலை

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் உப்பக்கா. சில பருத்திச் செடிகளுக்கு அளந்து அளந்து உப்புத் தண்ணீர் ஊற்றுவதும், சிலவற்றைத் தண்ணீரே காட்டாமல் காயப்போடுவதும் அவள் வேலை. வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமா என்று வாசல் காவலாளி அங்கலாய்ப்பார். வறட்சியிலும் உப்பு மண்ணிலும் பருத்தியைத் தாங்கிப் பிடிப்பது எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வதையெல்லாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு ரத்த அழுத்தம், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாயிற்று. "கண்ட செடிக்கெல்லாம் உப்பைக் கொட்டுற, பெத்தவளுக்கு ஒரு சிட்டிகை போட மனசு வரல" என்று அம்மா தினமும் ஒரு பாட்டம் பாடிவிட்டுத்தான் தட்டைத் தொடுவாள். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் புழுக்கம். மின்விசிறி எந்த வேகத்தில் ஓடினாலும் தப்பு. இந்த அம்மாவை நம்மைத் தவிர வேறு யாரும் வைத்துச் சமாளிக்க முடியாது என்று உப்பக்காவுக்கு உள்ளூர ஒரு பெருமை. வெளியே புலம்பல், உள்ளே பெருமை; அவள் மட்டும் விதிவிலக்கா என்ன.

அவள் பல வருடங்களாகத் துரத்தியது ஒரு ஜீன் குடும்பத்தை. ஜீன் என்பது செடி எப்படி வளர வேண்டும், ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உள்ளேயிருந்து சொல்கிற உத்தரவு. ஒரே சாயலில் பல இருந்தால் அதைக் குடும்பம் என்பார்கள். கூடப்பிறந்தவர்கள் போல முகம் ஒன்று, குணம் வேறு. அதில் ஒன்றின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். மண் காய்ந்தால் முதலில் விழித்துக்கொள்வது அதுதான். அதன் வாயை அடைத்துவிட்டால் செடி தாங்காது, துவண்டு விழும் என்பது அவள் கட்சி. வாயடைக்க வழி இருந்தது. அந்த ஜீனின் ஒரு துண்டை வைரஸில் ஏற்றி, இளஞ்செடியின் இலைக்குள் செலுத்த வேண்டும். வைரஸை அடக்கப் போகிற செடி, அதே சாயலில் இருக்கிற தன் ஜீனையும் சேர்த்து அடக்கிவிடும்.

அந்தச் சோதனைக்கு ஞாயிறு கூட ஓய்வு கிடையாது. கொஞ்ச நாளைக்கு என்று அம்மாவை வேறு ஊரில் இருந்த தம்பி வீட்டில் விட்டாள். ஒரு வாரம் தாங்காது, அவனே கொண்டுவந்து விட்டுவிடுவான் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. கணக்கு பொய்த்தது. அம்மா தங்கமாக இருக்கிறாள், போட்டதைச் சாப்பிடுகிறாள், ஒரு குறை சொல்வதில்லை என்றான் தம்பி. அக்காதான் வீணாகப் பயமுறுத்திவிட்டாளாம்.

மின்விசிறி இப்போது அதன் இஷ்டத்துக்கு ஓடியது. கேட்க ஆளில்லை. தனக்கு மட்டும் சமைக்கும்போதும் பழக்க தோஷத்தில் உப்பைக் குறைத்தாள், நின்றபடியே தின்றாள். வீட்டுக்குள் தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

செடிகளும் காலை வாரிவிட்டன. தண்ணீரை நிறுத்தியும் விழவில்லை. வாயடைத்தது, அடைக்காதது இரண்டுமே பச்சைப் பசேலென்று குத்துக்கல்லாட்டம் நின்றன. துறைத்தலைவர் தொட்டிகளைச் சுற்றி வந்து, "ஒரே குடும்பம்தானே, ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு பாத்துக்குதும்மா. இதை விட்டுடு" என்றார். அவர் சொன்னது ஜீனை. அவளுக்கு எங்கேயோ சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலமே தம்பி பேசினான். அம்மா இனி அங்கேயே இருக்கட்டும், கேட்டதற்குச் சரி என்றுவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை வந்து அவள் கட்டிலை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றான். உங்களுக்குச் சரியென்றால் எனக்கும் சரி என்று சொல்லி வைத்தாள். அப்புறம் அந்தக் கட்டிலின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

செடிகளைத் தூக்கிப்போடுமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. இலையைச் சாயத்தில் ஊறவைத்து ஆல்கஹாலில் காய்ச்சினால் பச்சை முழுக்கக் கழன்றுவிடும். இலை உள்ளே பட்ட பாடு மட்டும் பழுப்பாகத் தங்கும். மறுநாள் காய்ச்சி எடுத்துப் பார்த்தாள். மற்ற செடிகளின் இலைகளில் அங்கங்கே லேசான புள்ளிகள். வாயடைத்த செடிகளின் இலைகளோ காம்பிலிருந்து நுனிவரை ஒரே பழுப்பு.

விழாவிட்டாலும் செடி உள்ளே தாங்கவில்லை; அவள் கட்சி ஜெயித்துவிட்டது, குதித்திருக்க வேண்டும். முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு குறை சொல்வதில்லை என்று தம்பி சொன்னது இப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. மின்விசிறியோடு சண்டை போடுகிறவள், ஒரு குறை சொல்வதில்லையா?

கையுறையைக் கழற்றிவிட்டுப் போன் போட்டாள். தம்பி மனைவி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"ஏம்மா, அங்க எதுவுமே கேக்கறதில்லையாமே?"

ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா தணிந்த குரலில் சொன்னாள்: "நீயே முடியலன்னு அனுப்பிட்ட. இங்கயும் வாயைத் திறந்தா, அப்புறம் நான் எங்கடி போவேன்?"

தான் இல்லாமலே அவர்களுக்கு நடக்கிறது என்று இத்தனை நாள் உப்பக்கா தன்னை நினைத்து மட்டும்தான் அழுதிருக்கிறாள்.

"கட்டிலைக் குடுக்கமாட்டேன்மா. நீ இல்லாம என்னால இருக்க முடியல. நாளைக்கே வரேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "பகல்லயே வந்துடு" என்றாள் அம்மா. "இவன் வீட்டு ஃபேன் ராவெல்லாம் கடகடன்னு அடிக்குது. தலகாணி கல்லு மாதிரி இருக்கு. சாப்பாட்டுல உப்பு அள்ளிப் போடறாங்க, வாயில வைக்க முடியல..."

அம்மா நிறுத்தவில்லை. உப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுவே பேசாமல், எல்லாக் குறையையும் கேட்டாள்.