மடப்பள்ளியைத் திறந்துவிட்ட ஞாயிறு

அப்பா சமைத்த மடப்பள்ளிக்குள் நாங்கள் போகக்கூடாது. மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கோயில். தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்களுக்குத்தான் அங்கே அடுப்பு. பெண்களுக்கு வாசற்படியோடு சரி. சமைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வார்கள். நைவேத்தியத்தின் மேல் மூச்சுக்காற்று படக்கூடாதாம். அந்தத் துணியை அம்மா தினமும் துவைப்பாள், கறுப்புத் தண்ணீராக இறங்கும்.

அப்பாவுக்கு விடாத இருமல் வந்தபோது, புகைதான் காரணம் என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாயக் கட்டிகினுதாங்க வேலை செய்றாரு. பொகை எப்டிங்க உள்ள போவும்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். சாமிக்காகக் கட்டிய துணி ஆளையும் காப்பாற்றும் என்று வீட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை.

இருமுகிறவர் நைவேத்தியம் செய்யக்கூடாது. அப்பாவின் முறை பங்காளிக்குப் போனது. இருமல் நின்றால் திரும்பப் போகலாம் என்று அவர் காத்திருந்தார். அம்மா கிருத்திகைதோறும் மலையேறி, மேலே இருக்கிற சாமியிடம் அதையேதான் வேண்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கோயிலில் திருப்பணி நடந்தது. பழைய மடப்பள்ளியை இடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று மைக்கில் சொன்னார்கள். நானும் அம்மாவும் கிளம்பினோம்.

"அங்க இன்னா இருக்குது பாக்க? பெரிய ஜன்னல், நல்லா காத்து வரும். சொல்லிகினுதான இருக்கேன்" என்றார் அப்பா.

உள்ளே ஜன்னலே இல்லை. அடுப்பு அணைந்து மாதக்கணக்காகியும் கண் எரிந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள், "இன்னாம்மா இது, இப்டி இருட்டா கீது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். சுவரெல்லாம் கரி. தரையோரம், கழுவிய தண்ணீர் வெளியே போகும் ஜலதாரையைச் சுற்றி மட்டும் கரி தேய்ந்து கல் வெளுத்திருந்தது. அது ஏன் என்று விறகு போடும் பெரியவரைக் கேட்டேன்.

"உங்க அப்பாதாம்மா. மூச்சு முட்டினா துணிய அவுத்துட்டு இங்கதான் படுத்துக்குவாரு. அந்த ஓட்டைல வாய வெச்சிகினு காத்து இழுப்பாரு. இருமுறதும் அதுக்குள்ளதான், வெளிய யாருக்கும் கேக்காது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அம்மா குனிந்து அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா ஜன்னல?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார் அப்பா.

"ஆங், பாத்தோம். பெருசுதான்" என்றாள் அம்மா.

அடுத்த கிருத்திகைக்கு அவள் மலையேறவில்லை.

புது மடப்பள்ளிக்கு கேஸ் அடுப்பும் நாலு பக்கமும் ஜன்னலும் வைத்தார்கள். அப்பா அதைப் பார்க்கவில்லை. கடைசி நாட்களில் அவர் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தோம். மூச்சு திணறியபோது அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கித் தவழ்ந்து போய், முற்றத்து ஜலதாரையில் முகத்தை வைத்துப் படுத்தார். நான் தூக்கப் போனேன். அம்மா என்னைத் தடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஓட்டையில் அடைத்திருந்த சோற்றுப் பருக்கைகளை விரலால் எடுத்துப் போட்டாள்.