துரைசாணிக்கு வைத்த பொறி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. அதில் பாதிக்கு மேல் அடுத்தவர் கட்டடங்களின் கதவுகளோடு போய்விட்டது. எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். ஓடிப்போய் மூடிய கதவுக்கு வெளியே நின்று, "எத்தனை பேர் இருக்கீங்க? எல்லாரும் கீழ உக்காந்துக்குங்க. காத்து வரும், பயப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கிறேன்" என்பார். அவ்வளவு இதமான குரல். அந்தக் குரலில் என்னிடம் மாதம் ஒரு முறை பேசியிருந்தால்கூட நான் இவ்வளவு சிடுசிடுப்பாக ஆகியிருக்க மாட்டேன்.

வீட்டில் அந்தக் குரல் தொட்டிக்குத்தான். எங்கள் கூடத்தில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில், நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. "மீன் தொட்டி நல்லா இருக்கே" என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் தொங்கிவிடும். அது பவளத் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைகளின் மேல் உயிருள்ள பவளங்கள், அவற்றுக்கு நடுவில் பேருக்கு நாலு மீன். உப்பு கலக்க ஒரு வாளி, கலந்ததை அளக்க ஒரு கருவி, தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்க ஒரு குழாய். அந்த நுரை சேர்ந்த கோப்பையை அவர் கழுவுகிற நாளில் நான் பால்கனிக்குப் போய்விடுவேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போன மறு வாரமே அவளுடைய மேஜை உப்பு டின்களுக்குப் போய்விட்டது. கரன்ட் போனால் இன்னும் கூத்து. லிஃப்ட் நின்றுவிட்டது என்று அவர் ஒரு பக்கம் ஓடுவார். தொட்டியில் தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டது என்று பேட்டரி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நான் ஒரு பக்கம் ஓட வேண்டும்.

"இதை ஒரு நாள் தூக்கி வெளிய போடப் போறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று நான் சொல்லாத வாரமில்லை. போடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எட்டு மாதம் படுக்கை. முதல் இரண்டு மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் யாரோடும் பேசவில்லை, என்னோடும்தான். அப்போது அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் சின்னத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குள் ஒரு கல். கல்லின் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பவளம். ஆரஞ்சு நிறம், நடுவில் பச்சையாக ஒரு வாய். ஊசி இல்லாத சிரிஞ்சால் அந்த வாய்க்கு இரை கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பதற்காகத்தான் அவர் முதன்முதலில் எழுந்து உட்கார்ந்தார். நான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன். சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி. நான் ஊட்டியபோது எழுந்திருக்காத மனிதர் அவர்.

ஒரு வாய் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. அந்தப் பவளம் அப்படித்தான் பெருகுமாம். சின்னத் தொட்டி போய்ப் பெரிய தொட்டி வந்தது. பதினோரு வருஷத்தில் பவளம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பாறையோடு பாறையாகப் படர்ந்து எண்பத்தெட்டு வாய் ஆகிவிட்டது. என் பிறந்தநாள் அவருக்கு மறந்துபோகும். இந்தக் கணக்கு மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

அப்புறம் துரைசாணி வந்தாள். ஏஞ்சல் மீன்களிலேயே அபூர்வமான வகை. மஞ்சளும் சாம்பலும் கலந்த உடம்பில் தங்கப்பொடி தூவியது மாதிரிப் புள்ளிகள், உதட்டில் மட்டும் நீலச் சாயம். ஆழத்தில் வாழ்கிற மீன், கடைக்கு எப்போதாவதுதான் வரும். மீன் கடைக்காரரிடம் நாலு வருஷம் சொல்லி வைத்து, காத்திருந்து வாங்கினார். கொடுக்கும்போதே கடைக்காரர், "அண்ணே, ஏஞ்சல் மீனு பவளத்தைக் கொத்தினாலும் கொத்தும். எல்லாமே கொத்தாது. உங்க அதிர்ஷ்டம்" என்று எச்சரித்திருக்கிறார். இவர் காதில் விழுந்திருக்கும். மண்டையில் ஏறியிருக்காது.

வந்தவள் ஒன்பது நாள் எதையும் தொடவில்லை. அவரும் எதையெதையோ போட்டுப் பார்த்தார். வயிறு ஒட்டிப்போய்ப் பாறைக்குப் பின்னாலேயே கிடந்தாள். எனக்கு அது தாங்கவில்லை. நான் ஓர் ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் வேலை செய்கிறேன். வார்டு வார்டாக நோயாளிகளுக்குத் தட்டு அனுப்புவதும், திரும்பி வருகிற தட்டுகளைப் பார்த்து யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று நர்ஸுக்குச் சொல்லுவதும் என் வேலை. கை படாமல் ஒரு தட்டு திரும்பி வந்தால் அன்று முழுக்க எனக்கு மனசு சரியிருக்காது. மார்க்கெட்டில் உயிருள்ள சிப்பிகள் நாலைந்து வாங்கி வந்தேன். ஒன்றைக் கத்தியால் பிளந்து, பாதி ஓட்டோடு பாறை இடுக்கில் செருகினேன். அந்தத் தொட்டிக்குள் நான் கையை விட்டது அதுதான் முதல் தடவை. துரைசாணி பக்கத்தில் வந்தாள், பார்த்தாள், போய்விட்டாள். மறுநாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் ஒரு கொத்து கொத்தினாள். அப்புறம் ஓட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

"சாப்பிட்டுட்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

துரைசாணி என்று பெயர் வைத்ததும் நான்தான். அன்றிலிருந்து நான் கூடத்தில் நடந்தால் கண்ணாடி ஓரமாகக் கூடவே வருவாள். அவர் போய் நின்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதில் அவருக்கு உள்ளுக்குள் புகைச்சல், எனக்குக் கொஞ்சம் மிதப்பு. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் நான் என் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதம் ஒழுங்காக இருந்தவள் திடீரென்று பவளத்தில் வாய் வைத்தாள். அவர் உயிராக வளர்த்த அந்த ஆரஞ்சுப் பவளத்தில்தான். அகல விரிந்து கிடந்த வாய்கள் சுருங்கிப் போயின. பகலெல்லாம் திறக்கவே இல்லை. சில இடங்களில் சதை போய் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. இரண்டு வாரத்தில் எண்பத்தெட்டு எழுபதானது. அவர் சாப்பிட உட்கார்ந்தாலும் பார்வை தொட்டிப் பக்கமே இருந்தது. இப்படியே போனால் இரண்டு மாதத்தில் மொத்தமும் போய்விடும் என்றார். இரண்டில் ஒன்றுதான் அந்தத் தொட்டியில் இருக்க முடியும்.

"மீனைக் கடைக்காரர்கிட்டயே குடுத்துடறேன். அவர்கிட்ட பவளம் இல்லாத பெரிய தொட்டி இருக்கு. அங்க அது நல்லா இருக்கும்" என்றார்.

"குடுங்க, குடுங்க. விட்டது சனியன்" என்றேன். சொன்ன கையோடு போய் அவளுக்கு இன்னொரு சிப்பியைப் பிளந்து வைத்தேன்.

கொடுப்பதற்கு முன்னால் பிடிக்க வேண்டுமே. பவளத் தொட்டிக்குள் வலையை விட்டுத் துழாவ முடியாது. பாறைக்குப் பாறை பொந்து. பாறையைப் பிரித்தால் அதன் மேல் படர்ந்த பவளம் உடையும். அதனால் அவர் ஒரு பொறி செய்தார். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தகட்டில் ஒரு பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே விழுகிற கதவு. கதவைத் தூக்கிப் பிடிக்கிற நைலான் கயிறு தொட்டிக்கு வெளியே நம் கையில். பெட்டிக்குள் சிப்பி. மீன் நுழைந்ததும் கயிற்றை விட வேண்டியதுதான். "காலம் பூரா மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுத்தேன். இப்ப மாட்ட வைக்கிறதுக்குக் கதவு செய்றேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பொறியை இறக்கினோம். காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை கயிறு அவர் கையில். அவர் வேலைக்குப் போனதும் பதினோரு மணி வரை என் கையில். எனக்கு மதியம்தான் ஷிஃப்ட். உள்ளே போகாத மீன் இல்லை. கோமாளி மீன் ஜோடி ஒன்று வாடகைக்கு வந்த மாதிரி உள்ளேயே குடியிருந்தது. துரைசாணி மட்டும் வாசல் வரை வருவாள், ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். புதன்கிழமை காலையில் அவர், "எனக்கு இந்த வாரம் பூரா சீக்கிரமே சர்வீஸ் இருக்கு. இனிமே நீயே பிடி" என்று கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். துரைசாணி வாசலில் நின்றாள். கோமாளி மீன்களை ஒரு அதட்டு அதட்டி விரட்டினாள். உள்ளே போனாள். வால் உட்பட முழு உடம்பும் உள்ளே. சிப்பியைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தாள்.

விடு, விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரல் பிரியவில்லை. ஒன்பது நாள் பட்டினி கிடந்து என் கையால் சாப்பிட ஆரம்பித்தவள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவைப் போட எனக்கு மனசு வரவில்லை. ஓட்டைக் காலி செய்துவிட்டுச் சாவகாசமாக வெளியே வந்தாள். நேரே பவளத்திடம் போய் இரண்டு கொத்து கொத்தினாள். "அடிப்பாவி" என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவர் போன் செய்தார். "வந்துச்சா?"

"வந்துச்சுங்க. நானும் கயிறை விட்டேன். கதவு விழல."

"சரி, வந்து பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பொறி மேஜை மேல் இருந்தது. அவர் கயிற்றைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். டக், டக், டக். மூன்று தடவையும் கதவு வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. தன் கதவைக் குறை சொன்னால் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர். ஒரு முறை ஒரு கட்டடத்தின் செயலாளர் "உங்க கதவு சிக்குதே" என்றதற்கு, அரை மணி நேரம் அவரை நிறுத்தி வைத்துத் திறந்து மூடிக் காட்டிவிட்டு வந்தவர். எனக்குச் சரியான பாட்டு காத்திருக்கிறது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"ஆமா, கொஞ்சம் பிடிக்குது" என்றார். என்னைப் பார்க்காமல், "பவளத்தைக் குடுத்துடலாம். இன்னும் அறுபத்தி நாலு வாய் இருக்கு. இருக்கறதாவது பிழைக்கட்டும்" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடியும் கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவளத்தைப் பெயர்த்தார். சின்ன உளி, சின்னச் சுத்தி. கையைத் தோள் வரை தண்ணீரில் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டினார். நான் டார்ச் பிடித்தேன். ஐந்தாறு துண்டாகத்தான் வந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து வாளியில் வைத்தார். துரைசாணி என்ன நடக்கிறது என்று பக்கத்தில் வந்து வேடிக்கை பார்த்தாள். பஸ்ஸில் வாளியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் மூடியைக் கையால் அழுத்திக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் வாளியைத் திறந்து பார்த்து ஆச்சரியப்பட்டார். "என்னண்ணே இது? மீனைக் கொண்டாருவீங்கன்னு அங்க தொட்டியெல்லாம் தயார் பண்ணி வச்சிருக்கேன். பவளத்தைப் பேத்துக்கிட்டு வந்திருக்கீங்க?"

"மீன் பிடிபடலப்பா. நான் செஞ்ச கதவு சரியா விழல."

"லிஃப்ட் மெக்கானிக் செஞ்ச கதவே விழலையா? அப்ப உங்க லிஃப்ட்ல ஏற ஒருதரம் யோசிக்கணும் போல இருக்கே!" என்று கடைக்காரர் சிரித்தார். வேலைக்கு நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். இவரும் தலையைக் குனிந்துகொண்டு கூடவே சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கதவெல்லாம் நல்லாத்தான் விழும்!" என்று கத்தியேவிட்டேன். "நான்தான் கயிறை விடல. அவ சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. அப்ப எப்படி விடறது?"

என் வீட்டுக்காரர் வாளியைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? செவ்வாய்க்கிழமை எங்கிட்டயும் உள்ள வந்துச்சு. நானும்தான் விடல."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சா என்ன? மூணு நாளு கை மரத்துப் போய் உக்காந்திருந்தேனே! உங்களால முடியாததை எதுக்கு எங்கிட்ட குடுத்தீங்க?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உனக்குத்தான் இந்தத் தொட்டியே பிடிக்காதே. நீ கயிறை விட்டுடுவேன்னு நினைச்சேன்."

கடைக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பதினோரு வருஷமாக வாரம் தவறாமல் நான் திட்டியதையெல்லாம் அந்த மனிதர் அப்படியே நம்பிக்கொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்.