சட்டை இல்லாத கை

கம்பளி நூல் உருண்டையைக் கண்டால் நான் இன்றைக்கும் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். நாய்க்குப் பயப்படுகிறவனை ஊர் புரிந்துகொள்கிறது. நூலுக்குப் பயப்படுகிற ஐம்பது வயது ஆளை யாரும் மதிப்பதில்லை. போன மாதம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். எதிரே ஒரு கல்லூரிப் பெண். காதில் பாட்டு, கையில் இரண்டு ஊசி, மடியில் பச்சை உருண்டை. வண்டி குலுங்கி உருண்டை மடியின் ஓரத்துக்கு வந்ததும் நான் எழுந்துபோய்க் கதவை மறித்து நின்றுகொண்டேன். என்னை என்னவென்று நினைத்தாளோ, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நினைக்கட்டும். ஓர் உருண்டை அந்தக் கதவு வழியாக வெளியே போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவுக்குக் கோவில்பட்டியிலிருந்து தாம்பரத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்திருந்தேன். சித்திக்கு நுங்கம்பாக்கத்தில் டைப்பிஸ்ட் வேலை. சித்தப்பாவுக்குப் பகல் ஷிப்ட் வந்த வாரம், என்னைத் தனியே விட மனசில்லாமல் சித்தி என்னையும் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதுவும் பெண்கள் பெட்டியில். அந்த அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். குனிந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

எங்களைச் சுற்றி நான்கு பெண்கள். நான்கு பேர் மடியிலும் ஒரே மஞ்சள் நூல்.

எங்கள் ஊரில் பெண்கள் பூக்கட்டுவார்கள், தீப்பெட்டி ஒட்டுவார்கள். இப்படி இரண்டு ஊசிகளுக்குள் சண்டை மூட்டிவிட்டு, அதைப் பார்க்காமலே ஊர்க்கதை பேசுவதை நான் கண்டதில்லை. வெளியே மே மாத வெயில் தண்டவாளத்தை வறுத்துக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் வியர்வை சொட்ட இவர்கள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்கள். சித்தி ஒருத்திதான் பின்னவில்லை. அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நால்வரில் மூத்தவள் தடிக் கண்ணாடி போட்ட ஓர் அக்கா. அவளிடம் கேட்டேன்.

"அக்கா, இது என்னது?"

"முதுகு."

"அந்த அக்கா பின்றது?"

"அது டைப் இன்ஸ்டிட்யூட் டீச்சர். அவ சட்டைக்குக் கை போடுறா."

"எந்தச் சட்டைக்கு?"

"சட்டையெல்லாம் ஒண்ணும் இல்லடா. வெறும் கைதான்."

இந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் டீச்சர் அக்கா அசந்த நேரத்தில் அந்தக் கையை என் கையோடு வைத்து அளந்தேன். என் கட்டைவிரலைத் தாண்டவில்லை. துப்பு துலங்கிவிட்டது.

"சித்தி, இது குரங்குக்கா?"

நான்கு ஜோடி ஊசிகளும் நின்றன. பிறகு கண்ணாடி அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஆமாண்டா, குரங்குதான். கார்த்திகையில வரப்போற..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சித்தி என் காதருகே குனிந்து, "வீட்ல சித்தப்பாகிட்ட நூல் கீல்னு மூச்சு விடக்கூடாது, சரியா?" என்றாள்.

விஷயம் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை 'வயிற்றுவலி' என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். முதல் தடவை சித்தப்பா ஆசையாக முன்கூட்டியே வாங்கிவந்த தொட்டில் கம்பு, செய்தித்தாள் சுற்றியபடி பரண்மேல் கிடந்தது. (அதைக் கிரிக்கெட் ஸ்டம்பாக்க நான் இழுத்தபோதுதான் சித்தி வாழ்க்கையில் முதல் முறையாக என்னை அடித்தாள்.) எங்கள் குடும்பங்களில் பிறக்காத குழந்தைக்கு ஒரு முழம் துணிகூட வாங்க மாட்டார்கள். பிறந்தால்கூட முதலில் பழைய வேட்டித் துணிதான். இது மூன்றாவது தடவை. வீட்டுக்குள் எதுவும் வரக்கூடாது என்று சித்தப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார். ரயில் தோழிகள் அதற்குள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். ஒருத்தி முதுகு, ஒருத்தி முன்பக்கம், இரண்டு பேர் ஆளுக்கொரு கை. நான்கையும் சேர்த்துத் தைத்தால்தானே அது குழந்தைச் சட்டை? தைக்காதவரை நான்கு பேர் பையில் நான்கு துண்டு. சாமிகூடக் குறை சொல்ல முடியாது.

நான் ஒருவன் இருப்பதை மட்டும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது, டீச்சர் அக்காவின் உருண்டை மடியிலிருந்து குதித்து, ஓடி, கதவு வழியாக பிளாட்பாரத்தில் இறங்கியது. நான் உதவி செய்யும் பையன். பின்னாலேயே குதித்து அதைப் பிடித்துவிட்டேன். நிமிர்ந்தால் வண்டி நகர்கிறது.

அறிவுள்ளவன் உருண்டையை விட்டிருப்பான். நான் அதை மார்போடு கட்டிக்கொண்டு வண்டியோடு ஓடினேன். கதவில் சித்தி. அவளுக்குப் பின்னால் டீச்சர் அக்காவின் அலறல், "டேய், விடுடா! நூலை விடுடா!" நூல் போய்விட்டால் சித்தி போய்விடுவாள் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அதனால் இன்னும் இறுக்கினேன். ஊசியிலிருந்து கழன்ற கை வரிவரியாக அவிழ்ந்து, சுருள்சுருளாக மஞ்சள் நூல் காற்றில் நீண்டுகொண்டே வந்தது. பிளாட்பாரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"இன்னாடா தம்பி, ரயில வச்சிப் பட்டம் வுட்றியா?"

பட்டம் அறுந்தது. வண்டி வளைவில் மறைந்தது.

பிறகு நான் செய்த ஆர்ப்பாட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சித்தி, சித்தி என்று அழுதேன். கோவில்பட்டிக்குத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எந்தப் பக்கம் என்று தெரியாததால் இன்னும் கொஞ்சம் அழுதேன். கடைசியில் இந்த அம்மாவோடு வெள்ளரிப்பிஞ்சு விற்றே பிழைத்துக்கொள்வது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"அழுவாத, துன்னு," என்று மிளகாய்ப்பொடி தடவிய ஒரு பிஞ்சைக் கையில் திணித்தாள். "உங்க சித்தி எங்க பூடும்? தோ, வந்துகினே இருக்கும்."

வந்தாள். தனியாக வரவில்லை. எதிர்ப்பக்க ரயிலிலிருந்து ஐந்து பேரும் இறங்கினார்கள். என்னை உதைக்க ஐந்து பேர் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. சித்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் டீச்சர் அக்காவின் கையைப் பார்த்தாள். இரண்டு வெற்று ஊசிகள், மணிக்கட்டு அகலத்தில் நாலு வரி மஞ்சள்.

"அவிழ்ந்துடுச்சா?" என்றாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. முகத்தில் ரத்தமே இல்லை. வெள்ளரிக்கார அம்மா கூடையைத் தள்ளிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

கண்ணாடி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "என்னடி அவிழ்ந்துது?" என்று ஒரு அதட்டல் போட்டாள். "சட்டையா அவிழ்ந்துது? இங்க சட்டைன்னு ஒண்ணு இருக்கா? நீ தச்சியா? நான் தச்சேனா? இல்லாத சட்டை எப்படிடி அவிழும்?"

"அதானே," என்றாள் வெள்ளரிக்கார அம்மா, ஒன்றும் தெரியாமலே.

"என் அரை நாள் லீவு அவிழ்ந்துது," என்றாள் டீச்சர் அக்கா.

சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தண்டவாளத்தில் கிடந்த நூலை எடுக்கப் போன என்னைக் கண்ணாடி அக்கா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "போனது போகட்டும். மிச்சத்துல வரவரைக்கும் வரும்."

லீவு முடிந்து ஊர் வந்தேன். கார்த்திகையில் தந்தி வந்தது. மார்கழியில் ஒரு கடிதமும் அதற்குள் ஒரு போட்டோவும். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் பாப்பா போட்டிருந்த ஸ்வெட்டர் மஞ்சள் என்று எனக்கு மட்டும் தெரியும். வலது கை மணிக்கட்டுவரை வந்திருந்தது. இடது கை இரண்டு விரற்கடை குறைந்து நின்றது. அம்மா கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். கடைசி வரி எனக்கு: "அந்தக் கையை நீட்டவே இல்லை, அப்படியேதான் விட்டிருக்கிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள்."

சாட்சியத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அம்மா விசாரணையைத் தொடங்குமுன் பேச்சை மாற்றியாக வேண்டும். படத்தில் வேறு குற்றம் தேடினேன், கிடைத்தது. கண் பட்டால் அந்தக் கரியில் படட்டும் என்று கன்னத்தில் ஒரு கறுப்புத் திருஷ்டிப் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையையும் போட்டோ எடுத்ததில்லை. இந்தக் கன்னம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"சித்தி பொட்டு வைக்க மறந்துட்டாங்கம்மா," என்றேன்.

அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். கன்னத்தைப் பார்த்தாள். பிறகு அந்த இடது கையையே வெகுநேரம் பார்த்தாள்.

"மறக்கலடா," என்றாள்.

அன்று சாயங்காலம்வரை நான் அந்தக் கன்னத்திலேயே பொட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.