மணிக்கொரு தடவை கேட்கும் குரல்

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஆளில்லாத இடத்திலும் அவனுக்குக் குரல்கள் கேட்கும். அதற்கு மாத்திரை சாப்பிடுகிறான். சிகரெட் அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கிறதாம். சிகரெட்டை விடுவதற்கென்று ஆஸ்பத்திரியில் அவன் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார்கள். மணிக்கொரு தடவை ஒரு பெண் குரல், "இப்போது புகைக்கத் தோன்றுகிறதா?" என்று கேட்கும். ஆம், இல்லை என்று தொட்டால் போதும். ஐந்து நாளாக அவன் எதையுமே தொடவில்லை. நாங்கள் வேலை பார்க்கும் திராட்சைத் தோட்டத்தில் கேட்டது. கம்பம் போகும் டவுன் பஸ்ஸில் எங்கள் இருவர் மடிக்கு நடுவிலிருந்து கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் எனக்கு உயிரே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "ஏலே, அந்தப் பிள்ள தொண்டத்தண்ணி வத்தக் கேக்குது. ஒரு பதில் சொன்னா என்னடா?"

"நீ கேட்டாலே நான் சொல்றதில்ல" என்று சிரித்தான். பிறகு தயங்கினான். "எந்தக் குரல் கேட்டாலும் பதில் சொல்லாத, அது பாட்டுக்குப் போயிரும்னு டாக்டர்தான சொன்னாக. இது மட்டும் போகவே மாட்டேங்குதும்மா. உனக்கும் கேக்குதா?"

"பஸ்ஸுக்கே கேட்டுச்சுடா!"

குரல் கேட்கிற பையனுக்குக் குரலிலேயே கேள்வியா? இதை ஒருவர்கூட யோசிக்கவில்லையே. நானும்தான் யோசிக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குரலை நிறுத்தி, கேள்வி எழுத்தில் வரும்படி மாற்றி வாங்கினோம். அன்று அவன் ஆறு சிகரெட் பிடித்தான். ஆறு தடவையும் 'ஆம்' என்று தொட்டான்.