றாஹிலா சாச்சி சிரித்த வெள்ளிக்கிழமை

எனக்குக் கூரைகளில்தான் வேலை. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடு வீடாக ஏறி டிஷ் அன்டனா பூட்டுகிறேன். மழைக்குப் படம் நின்றால் என்னை ஏசுவார்கள், அது நியாயம். படம் பளிச்சென்று வந்து, வந்த படம் கூடாததாக இருந்தால் அதற்கும் என்னையே ஏசுகிற ஒரே ஆள், என் உம்மாவின் தங்கை றாஹிலா சாச்சி.

"மனே றஸ்மி, அந்தச் சட்டிய நீதானே கூரைக்கு மேல வெச்ச? இப்ப வந்து பாரு, என்னத்தக் காட்டுறானுகள் எண்டு" என்று ஃபோனில் கத்துவார். நான் யாரோ ஒருவருடைய ஓட்டின் மேல் ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சாச்சிக்கு ஐம்பத்தாறு வயது. எந்தப் படத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவர் பார்த்ததில்லை. சோறு கொதிக்கும்வரை கொஞ்சம், மீன் வெட்டிக் கழுவிவிட்டு வந்து கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். கொமடிச் சனலைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

"கறுப்பா இருந்தாச் சிரி, குண்டா இருந்தாச் சிரி, திக்கிக் கதைச்சாச் சிரி. இதுக்குப் பேர் பகிடியா? சிரிக்கிற ஆக்களையும் அவனே கூட்டிக்கிட்டு வாறான். பாக்கிற ஆக்களுக்குச் சிரிப்பு வராதெண்டு அவனுக்கே தெரியும்."

எல்லாவற்றிலும் அவருக்கு அதிகம் பற்றியெரிவது அந்த 'வீட்டோடு மாப்பிள்ளை' பகிடிதான். இந்தியாவிலிருந்து வருகிற கொமடிகளில் அப்படி ஒருத்தன் கட்டாயம் இருப்பான். மாமியார் வீட்டில் சோற்றுக்கு நிற்பான், அடி வாங்குவான், நாயோடு படுப்பான். மனைவி வீட்டில் இருக்கிறான் என்பது மட்டும்தான் பகிடி. எங்கள் கிழக்குக் கரையில் பொத்துவிலிலிருந்து மருதமுனை வரைக்கும் கல்யாணம் முடித்த ஆம்பிளை போய் இருப்பதே பெண் வீட்டில்தான். டொக்டரும் போகிறார், மீன் வியாபாரியும் போகிறார், மௌலவியும் போகிறார். வீடு பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும். யாரோ ஒருத்தன் எங்கேயோ இருந்துகொண்டு எங்கள் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரையும் சோற்றுப் பிச்சைக்காரன் ஆக்குகிறான், நாங்களும் மாதாமாதம் காசு கட்டி அதை வீட்டுக்குள் இறக்குகிறோம். கோபம் வராமல் என்ன வரும்? எனக்கும்தான் வருகிறது. நானும் மனைவி வீட்டில் இருக்கிறவன்தான்.

எட்டு மாதத்துக்கு முன் சாச்சியின் ஒரே மகள் ஷாஹினாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நிந்தவூர் றிஸ்கான். கட்டாரில் நாலு வருடம் ஏசி திருத்தியவர், இப்போது கல்முனையில் அதே தொழில் செய்கிறார். வழக்கப்படி முன்பக்க அறைகளும் ஹோலும் மகளுக்கும் மருமகனுக்கும் போயின. கணவர் இறந்தபின் தனியாக இருந்த சாச்சி, சமைக்கிற குசினியோடு ஒட்டிய பின்னறைக்கு மாறினார்.

மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நிற்பதும் முகம் பார்த்துக் கதைப்பதும் முன்பு எங்கள் பக்கம் இல்லை. இப்போது பல வீடுகளில் அந்த வழக்கம் விட்டுப்போயிற்று. சாச்சி விடவில்லை. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் தடித்த சீலை ஒன்றைத் தொங்கவிட்டார். டிவி ஹோலில் இருந்தது. பின்பக்கம் ஒரு முக்காலி போட்டு, சீலையை நாலு விரல் அகலம் விலக்கி, அந்த இடுக்கால் பார்ப்பார்.

றிஸ்கானுக்கு விஞ்ஞானப் படம் என்றால் உயிர். ஞாயிறு பகலில் ராக்கெட், இயந்திர மனிதன், வேற்றுக்கிரகம் என்று தமிழில் கதைக்க வைத்த வெளிநாட்டுப் படங்கள் போடுவார்கள். சீலைக்குப் பின்னாலிருந்து கேள்வி வரும்.

"ஷாஹினா, கேட்டுச் சொல்லு. அந்தக் கிழவன் எப்பிடி இந்தப் பொடியனுக்கு மகனாகினான்?"

றிஸ்கான் திரும்பிப் பார்க்காமல் டிவியைப் பார்த்தபடி சொல்வார்: "ஷாஹினா, உம்மாக்குச் சொல்லு. வாப்பா ராக்கெட்டில போய் வந்திட்டாரு. அவருக்கு அது கொஞ்ச நாள், இஞ்ச அம்பது வருசம்."

ஷாஹினா வாய் திறக்கத் தேவையில்லை. ஆனாலும் அவள் நடுவில் இருக்க வேண்டும்.

அந்தப் படங்களிலும் சாச்சிக்குக் குறைகள் உண்டு. "ஆறு பேர் ராக்கெட்டில போறாங்க, ஒருத்தராவது கோப்பை கழுவினதக் காட்டினானா?" என்பார். வேற்றுக்கிரகத்து ஆக்கள் எப்போதும் பெரிய கட்டடம் உள்ள ஊர்களிலேயே இறங்குவது ஏன், காரைதீவுச் சந்தியில் இறங்கினால் ஒரு பிளேன்டியாவது குடித்துவிட்டுப் போகலாமே என்பார். ஆனால் அந்த ஏச்சில் பிரியம் இருந்தது. "அவன் ஆரையும் குத்திக் காட்டல்ல மனே. தெரியாததத் தேடிப் போறான்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

ஒன்று மட்டும் அவரால் பார்க்க முடியாது. அந்தப் படங்களில் அடிக்கடி கடல் எழும்பி ஊரை மூடும். 2004 இல் சாச்சியின் மூத்த மகனைக் கடல் கொண்டுபோனது. அவனுக்கு ஆறு வயது. கல்யாணம் முடிந்த புதிதில் அப்படி ஒரு காட்சி வந்தபோது சீலைக்குப் பின்னால் முக்காலி விழுந்த சத்தம் கேட்டது. றிஸ்கான் அன்று ஷாஹினாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார், அவளும் சொன்னாள். அதன்பிறகு திரையில் கடல் கொஞ்சம் கறுத்தாலே போதும், அந்த மனிசன் றிமோட்டைத் தேடிப் பாய்வார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. சாச்சியும் திறக்கவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சொல்லவே ஆத்திரமாக இருக்கிறது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து றிஸ்கானும் நானும் ஹோலில் சாப்பிட இருந்தோம். றிமோட் என் கையில் இருந்தது. அன்டனாவைச் சரி பார்க்க வந்தவன் அந்த வேலையோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் சனல் சனலாகத் தட்டி, கொமடிச் சனலில் விட்டேன்.

இறைச்சி ஆணம் நன்றாக இருந்தது. சாச்சியே சொல்லியனுப்ப, ஷாஹினா இரண்டாம் முறை சோறு கொண்டு வந்தாள். றிஸ்கான் சோற்றுக் கோப்பையை முன்னால் நகர்த்தினார். அதே நேரத்தில் திரையில் வீட்டோடு மாப்பிள்ளை ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். மாமியார்க்காரி அகப்பையால் அவன் கையில் ஓங்கிப் போட்டாள்.

சீலைக்குப் பின்னால் சாச்சி சிரித்தார். வாயைப் பொத்திய சிரிப்பு இல்லை, வெடித்து வந்த சிரிப்பு.

றிஸ்கானின் கை அப்படியே நின்றது. "போதும்" என்றார். கை கழுவினார். பத்து நிமிடத்தில் உடுப்புப் பேக்கோடு பிரதான வீதிக்கு நடந்துபோய் நிந்தவூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். "ஒண்டுமில்ல மச்சான், தங்கச்சியப் பாக்கப் போறன்" என்று மட்டும் சொன்னார்.

நாலு நாள் போயிற்று. நான் ஃபோன் எடுத்தால் அதே பதில், ஷாஹினா எடுத்தால் பதிலே இல்லை. அவள் சாப்பிடாமல் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சீனி கேட்கிற சாட்டில் வந்து ஹோலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது ஷாஹினா அந்தச் சீலைக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க சிரிச்சதுக்கு நான் வாழாவெட்டியா இரிக்கவா உம்மா? ஊருக்கெல்லாம் அந்தக் கொமடி கூடாதெண்டு ஏசினீங்க. கடைசியில நீங்கதானே சிரிச்ச!"

சீலையின் நாலு விரல் இடுக்கு மூடிக்கொண்டது.

வழக்கப்படி கோபித்துப் போன மருமகனைக் கூட்டிவர ஆம்பிளைகள்தான் போவார்கள். நானும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பின்னேரம் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் சாச்சி அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து, அன்டனா ஏற்றித் திரியும் என் ஓட்டோவில் ஏறி அமர்ந்துவிட்டார்.

"சாச்சி, நீங்க எப்பிடி அவருக்கு முன்னால…"

"ஓட்டோவ எடு."

நிந்தவூரில் ஒரு வீட்டின் முன்னால் ஓட்டோவை நிறுத்தினேன். தாயும் தகப்பனும் இல்லாத றிஸ்கான் பிறந்து வளர்ந்த வீடு அது. இப்போது அவரது தங்கை அம்ஹாவின் வீடு, அவளுக்குக் கல்யாணம் முடித்தபோது அவளுக்கு எழுதியது. றிஸ்கான் வெளி விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். செருப்பு வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய பேக். சுருட்டிய பாய் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

சாச்சி அந்தப் பேக்கைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். மருமகனின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து பெரிய சிரிப்பு ஒன்று கேட்டது. அம்ஹாவின் கணவர் செற்றியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதே சனல்தான், நாளுக்குப் பத்துத் தடவை போட்டதையே போடுவார்கள். வீட்டோடு மாப்பிள்ளையின் தலையில் மாமியார் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். மனிசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாச்சி நேரே உள்ளே போனார்.

"தம்பி, இது ஆர்ர ஊடு?"

அவர் திகைத்து எழும்பினார். "அம்ஹாட ஊடு."

"அப்ப நீங்க ஆரு? நீங்களும் ஊட்டோட மாப்பிள்ளதானே? அவள் உங்கட தலையிலதான் தண்ணி ஊத்துறாள். அது விளங்காம இருந்து சிரிக்கிறீங்க! நிப்பாட்டுங்க அத!"

டிவி நின்றது. அம்ஹா குசினி வாசலில் கரண்டியோடு உறைந்து நின்றாள். சாச்சி திரும்பி விறாந்தைக்கு வந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக மருமகனை நேருக்கு நேர் பார்த்தார்.

"மகன், நான் சிரிச்சன். இல்லெண்டு சொல்ல வரல்ல. இருவது வருசமா அவனுகள ஏசின வாய் இது. அண்டைக்கு அதே வாய்தான் சிரிச்ச. உங்கட கையில அகப்ப விழுந்த மாதிரி எண்டு பிறகுதான் விளங்கின. எனக்கு என்னில வாற ஆத்திரத்துக்கு அளவில்ல."

றிஸ்கான் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "பரவாயில்ல மாமி."

"பொய் சொல்லாதீங்க. பரவாயில்லெண்டா ஏன் இஞ்ச வந்த?"

அதோடு கோபம் அவருக்கும் வந்தது, நல்லவேளை. "ஆத்திரத்திலதான் வந்த. வந்து பாத்தா இஞ்சயும் எனக்கு இடமில்ல. தங்கச்சிட ஊட்டு விறாந்தையில எத்தின நாளைக்குக் கிடக்கிற? அந்தப் படத்தில காட்டுறது சரிதானே மாமி? எங்கட ஊர்ல ஆம்பிளைக்கு ஊடே இல்லயே!"

நானும் என் உம்மாவின் வீட்டுக்குப் போனால் தங்கையிடம் கேட்டுத்தான் கதிரையில் அமர்கிறேன்.

சாச்சி விடவில்லை. "ஆருக்கு ஊடிரிக்கி? நானும் உங்கட மாமாவும் கல்லுச் சுமந்து கட்டின ஊடு அது. ஷாஹினாட பேரில எழுதிக் குடுத்திட்டு நான் பின்னறையில படுக்கிறன். டிவி பாக்கிறதுக்கும் நாலு விரல் இடம்தான் எனக்கு. அது ஷாஹினாட ஊடு மகன். நீங்களும் நானும் அங்க அண்டி இரிக்கிற ஆக்கள். அவ துரத்தினா ரெண்டு பேரும் சேந்தே போவம். இப்ப அந்த உடுப்புப் பேக்க எடுங்க."

றிஸ்கானுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. பேக்கை எடுத்தார்.

வரும்போது அவர் முன்னால் என் சீற்றில் பாதியில் ஒட்டிக்கொண்டார். சாச்சி பின்னால் மூலையில் ஒதுங்கி, முக்காட்டை இழுத்துவிட்டு, பழைய சாச்சியாகிவிட்டார்.

"மனே றஸ்மி, அவருக்கிட்டக் கேளு. பகல் சாப்பிட்டாரா எண்டு."

"இல்லெண்டு சொல்லுங்க மச்சான்" என்றார் என் தோளோடு தோளாக இருந்த றிஸ்கான்.

வீட்டுக்குப் போனதும் சாப்பாடு வந்தது. ஷாஹினா அழுதழுது பரிமாறினாள். நான் டிவியைப் போடவில்லை, றிமோட்டைத் தொடவும் இல்லை. றிஸ்கானின் கோப்பை காலியானது. இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்கவில்லை, கையை மடக்கி வைத்துக்கொண்டு இருந்தார். ஷாஹினா உள்ளே போக எழும்பினாள்.

அதற்குமுன் சீலை விலகியது. சோற்றுப் பானையோடு சாச்சி ஹோலுக்குள் வந்தார். அகப்பை நிறைய அள்ளி மருமகனின் கோப்பையில் வைத்தார். இன்னுமொரு அகப்பையும் வைத்தார். பிறகு அணைந்து கிடந்த டிவியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப சிரிங்கடா பாப்பம்."